கோணல் யாருடையது?

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் முடிவில் நிற்கும் மணிக்கூண்டைப் படம் பிடிக்காத மாணவர் நம்முள் மிகச் சிலரே. 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தை ஒட்டி, பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்னும் வணிகப் பெருமகன் எழுப்பிய கோபுரம் அது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அங்கே அழைத்துச் செல்கிறோம். கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்துப் படம் எடுக்கிறோம். பிறகு படத்தைப் பார்த்தால், நூற்றாண்டுகளாக நேராக நிற்கும் கோபுரம் அதில் மட்டும் மல்லாந்து விழப் போவது போல் தோன்றுகிறது. அடி அகன்று, முடி குறுகி, இருபுறத்துக் கோடுகளும் மேலே ஒன்றையொன்று தேடிச் செல்கின்றன.

இப்படிப்பட்ட படத்தைக் கண்டதும் நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசுவதுண்டு. "காமிரா சரியில்லை" என்பார் சிலர். "மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்து, எல்லாம் நிமிர்ந்துவிடும்" என்பார் வேறு சிலர். முதற் கூற்று தவறு. இரண்டாம் கூற்றில் உண்மை உண்டு; ஆனால் அது முழு உண்மையன்று. பொத்தான் எதை நிமிர்த்துகிறது, எதை நிமிர்த்தக் கூடாது என்பதை அறியாமல் அதை அழுத்துவதால் சில வேளைகளில் தீங்கே விளைகிறது. அதனை எளிய முறையில் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டம் பிறக்கும் விதம்

கோட்டம் என்றால் வளைவு, கோணல் என்று பொருள். படத்தில் தோன்றும் இந்தக் கோணலைத் தோற்றக் கோட்டம் என்று வழங்குவோம். இது எங்கிருந்து வருகிறது?

அருகிலுள்ள பொருள் பெரிதாகவும் தொலைவிலுள்ள பொருள் சிறிதாகவும் தெரியும் என்பது குழந்தையும் அறிந்த செய்தி. காமிராவுக்கும் அதுவே விதி. தொலைவு இருமடங்கானால் படத்தில் அளவு பாதியாகும். இங்கே தொலைவு என்பது காமிரா நோக்கும் திசையில் அளக்கப்படும் ஆழம். காமிராவைச் சற்றும் சாய்க்காமல் சுவருக்கு நேர் எதிரே பிடித்தால், சுவரின் அடியும் நடுவும் உச்சியும் ஒரே ஆழத்தில் உள்ளன. ஆகவே எல்லாப் பகுதியும் ஒரே அளவில் பதிகின்றன. நெட்டுக் கோடுகள் இணையாகவே நிற்கின்றன. காமிராவை மேல்நோக்கிச் சாய்த்த மறுகணமே இந்த நிலை மாறுகிறது. உச்சி ஆழத்தில் விலகிச் செல்கிறது, அதனால் சிறுக்கிறது. கோடுகள் குவிகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு கோபுரம் 45 அடி உயரம் இருப்பதாகக் கொள்வோம். படம் எடுப்பவரின் கண்மட்டம் 5 அடி. அவர் 30 அடி தொலைவில் நிற்கிறார். கோபுரம் முழுவதும் படத்தின் நடுவில் அமைய வேண்டுமானால் காமிராவை ஏறத்தாழ 22 பாகை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். அப்போது அடிப்பகுதி 26 அடி ஆழத்திலும், உச்சி ஏறத்தாழ 43 அடி ஆழத்திலும் இருக்கும். படத்தில் அடிப்பகுதியின் அகலம் 1000 படப்புள்ளிகள் என்றால், உச்சியின் அகலம் சுமார் 610 படப்புள்ளிகளே. அதே மனிதர் பின்வாங்கி 60 அடி தொலைவில் நின்றால் 14 அல்லது 15 பாகைச் சாய்வு போதும். உச்சியின் அகலம் சுமார் 835 படப்புள்ளிகள் ஆகிவிடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. ஒன்று, குற்றம் வில்லையினுடையது அன்று. விலை உயர்ந்த காமிராவும் இதையே செய்யும். மற்றொன்று, நின்ற இடமும் சாய்த்த கோணமுமே இதற்குக் காரணம். யூதர் தெருவிலும் கடைவீதியிலும் நம் படங்கள் பெரிதும் கோணுவதற்குக் காரணம் தெருவின் குறுக்கமேயன்றி வேறில்லை. பின்வாங்க இடமில்லை; முதுகுக்குப் பின்னால் மிளகுக் கிடங்கின் கதவு!

இன்னொரு கேள்வி எழலாம். நேரில் அண்ணாந்து பார்க்கும்போது நமக்கு ஏன் இந்தக் கோணல் தெரிவதில்லை? கண்ணின் திரையிலும் கோடுகள் குவியத்தான் செய்கின்றன. ஆனால் தலை நிமிர்ந்திருப்பதை மூளை அறியும்; கட்டடம் நேரானது என்பதையும் அறியும்; இரண்டையும் சேர்த்து ஈடுசெய்துகொள்கிறது. கையிலுள்ள படத்தை நாம் குனிந்து பார்க்கும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. தண்டவாளங்கள் தொடுவானத்தில் கூடுவதைப் படத்தில் கண்டால் யாரும் குறை சொல்வதில்லை. தூண்கள் வானத்தில் கூடினால் மட்டும் உறுத்துகிறது. இரண்டும் ஒரே விதியின் விளைவுகளே.

முன்னோர் கண்ட வழி

கணிப்பொறி வருவதற்கு முன்னரும் இந்தச் சிக்கல் இருந்தது, தீர்வும் இருந்தது. துருத்தி வைத்த பழைய மரக் காமிராக்களைச் சில ஒளிப்பட நிலையங்களில் இன்றும் காட்சிப் பொருளாகக் காணலாம். அவற்றுள் பலவற்றில் பின்புறத் தட்டைச் செங்குத்தாகவே நிறுத்திவிட்டு, முன்புற வில்லையை மட்டும் மேலே உயர்த்த முடியும். காமிரா சாயவில்லை, ஆயினும் கோபுரத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும். கோட்டம் பிறப்பதற்கே வழியில்லை. சிறிய பிலிம் காமிராக்கள் பரவியபோது இந்த வசதி மறைந்தது. பின்னர், 1962ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம், இடம் பெயர்க்கக்கூடிய 35 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை வெளியிட்டு அந்த வசதியை மீட்டுத் தந்தது. கட்டடக் கலைஞர்கள் இன்றும் அத்தகைய வில்லைகளை விரும்பி வாங்குவர்; அவற்றின் விலையோ நம் போன்ற மாணவர்க்கு எட்டாதது.

இருட்டறையிலும் ஒரு வழி இருந்தது. பிலிமிலிருந்து பெரிதாக்கிப் பதிக்கும்போது, தாளைத் தாங்கும் பலகையைச் சற்றுச் சாய்த்து வைப்பார்கள். குறுகிய பகுதி கூடுதலாக விரிந்து, குவிந்த கோடுகள் மீண்டும் இணையாகும். சாய்வால் வந்த கோணலை எதிர்ச் சாய்வால் போக்கினர். இன்று மென்பொருள் செய்வதும் இதையேதான். பலகைக்குப் பதில் கணக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

கணிப்பொறி செய்யும் வேலை

அந்தக் கணக்கின் வரலாறு சுவையானது. 1812ஆம் ஆண்டில் நெப்போலியனின் படையோடு உருசிய நாட்டுக்குச் சென்று சிறைப்பட்டவர் பொன்சலே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். சராத்தோவ் நகரில் கைதியாக இருந்த காலத்தில், ஓர் உருவத்தை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்தின்மீது வீழ்த்தினால் எவை மாறும், எவை மாறா என்று அவர் ஆராய்ந்தார். 1822இல் அது பெரிய நூலாக வெளிவந்தது. வீழ்ப்பு வடிவியல் என்னும் துறை அதனால் தழைத்தது. அதன்படி, நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். ஆனால் இணைகோடுகள் இணையாக இருக்க வேண்டியதில்லை. கோணங்களும் நீள விகிதங்களும் மாறும்.

நம் படத்தில் நடந்தது இதுதான். செவ்வகமான சுவர் சரிவகமாகப் பதிந்தது. அந்தச் சரிவகத்தின் நான்கு மூலைகளையும் காட்டி, "இவை செவ்வகத்தின் மூலைகள்" என்று நாம் சொன்னால் கணிப்பொறிக்குப் போதும். மூலைக்கு இரண்டு எண்களாக மொத்தம் எட்டு எண்கள். அந்த எட்டிலிருந்து மாற்று விதி முழுவதையும் அது கண்டுபிடித்து, ஒவ்வொரு படப்புள்ளியையும் உரிய இடத்துக்கு நகர்த்துகிறது. கிடைக்கும் படம், அதே இடத்தில் நின்று, காமிராவைச் சாய்க்காமல், மிகப் பெரிய தட்டில் பதித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய படமே ஆகும்.

"அதே இடத்தில் நின்று" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் நம்மை மாடி உயரத்துக்குத் தூக்கிச் செல்வதில்லை. கீழிருந்து பார்த்ததால் தெரிந்த ஓட்டுச் சரிவின் அடிப்பாகம், திருத்திய பிறகும் தெரிந்துகொண்டே இருக்கும். மேலும், திருத்தம் ஒரு தளத்துக்கே பொருந்தும். சுவரைச் சரிசெய்தால், சுவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மாடமும், மாடத்தில் நிற்கும் மனிதரும் நீண்டு தோன்றுவர்.

வேறொரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னர்க் கூறிய 30 அடிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உச்சியில் 610 படப்புள்ளிகளாகக் குறுகியதை 1000 ஆக விரிக்க வேண்டும். உயரவாக்கில் குறுக்கம் இதைவிட மிகுதி. உச்சிப் பகுதி 37 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருக்கும். இரண்டையும் பெருக்கினால், விரித்த உச்சிப் பகுதியில் 100 படப்புள்ளிகளுக்கு 23 மட்டுமே காமிரா மெய்யாகக் கண்டவை. எஞ்சியவை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு கணிப்பொறி இட்டு நிரப்பியவை. 60 அடியிலிருந்து எடுத்திருந்தால் 58 புள்ளிகள் மெய்யாக இருந்திருக்கும். நான்கு எட்டுப் பின்னால் வைப்பதற்கு ஈடான மென்பொருள் இன்னும் பிறக்கவில்லை!

எது செங்குத்து?

இதுவரை கூறியவை நுட்பத்தைப் பற்றியவை. இனிதான் உண்மையான சிக்கல் வருகிறது. "இந்தக் கோடு செங்குத்தானது" என்று கணிப்பொறிக்கு யார் சொல்வது?

2013ஆம் ஆண்டில் வெளிவந்த லைட்ரூம் 5 முதலாகப் பல மென்பொருள்கள் தாமே இதை முடிவு செய்யும் வசதியைத் தருகின்றன. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் படத்திலுள்ள நேர்கோடுகளைத் தேடுகிறது, அவற்றுள் ஏறக்குறைய மேல்நோக்கிச் செல்பவை எல்லாம் உலகில் செங்குத்தானவை என்று எடுத்துக்கொள்கிறது, அவற்றை இணையாக்குகிறது. கதவும் சன்னலும் தூணும் நிறைந்த நகரத் தெருவில் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் ஊகம் ஊகமே.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை எண்ணிப் பாருங்கள். 1010ஆம் ஆண்டில் முடிவுற்ற அந்த விமானம் மேலே செல்லச் செல்லக் குறுகுமாறு கட்டப்பட்டது. நம் கோபுரங்கள் யாவும் அவ்வாறே. அவற்றின் சரிந்த விளிம்பைச் செங்குத்து என்று மென்பொருளிடம் சொன்னால் என்ன ஆகும்? இராசராசன் எழுப்பிய விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிடும்! பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தையும் நினைத்துக்கொள்ளலாம். 1990இல் அதை மூடி, சரிவைக் குறைக்கும் பணி செய்து, 2001இல் மீண்டும் திறந்தார்கள். ஏறத்தாழ 4 பாகைச் சாய்வை அறிந்தே விட்டுவைத்தார்கள். பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் முழுவதும் நிமிர்த்தாத கோபுரத்தை, நம் கைப்பேசி ஒரு நொடியில் நிமிர்த்திக் காட்டும்.

ஆகவே படத்தில் இரண்டு வகைக் கோணல்கள் இருக்கக்கூடும். ஒன்று காமிராவின் கோணல். மற்றொன்று பொருளின் கோணல். முன்னதைத் திருத்துவது நேர்மை. பின்னதைத் திருத்துவது பொய். இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் படத்துக்குள் எப்போதும் இருப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும்.

இது வெறும் தத்துவம் அன்று என்பதற்கு நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு பழைய ஓட்டு வீடு. தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அதில் வாடகைக்கு இருக்கிறது. ஒரு மழைக்காலத்துக்குப் பின் அவ்வீட்டின் தெருச்சுவர் வெளிப்புறமாகச் சாயத் தொடங்கியது. வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பவர். அந்தக் குடும்பத்துப் பையன் பக்கவாட்டில் நின்று சுவரைப் படம் எடுத்தான். அனுப்பும் படம் திருத்தமாக இருக்கட்டும் என்று செயலியின் தானியங்கித் திருத்தத்தில் இட்டு அனுப்பினான். அந்தப் படத்தில் சுவரின் விளிம்பும் அதனோடு சேர்ந்து சாய்ந்த கதவு நிலையும் தவிர வேறு நெட்டுக் கோடு இல்லை. செயலி இரண்டையும் அழகாக நிமிர்த்திவிட்டது. "சுவர் நேராகத்தானே இருக்கிறது?" என்று பதில் வந்தது. பையனின் தாயார் திகைத்துப் போனார்.

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவரை அந்த அம்மாள் அழைத்து, "அண்ணாச்சி, நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவர் வந்து பார்த்தார். பையன் காட்டிய படத்தையும் பார்த்தார். "ஏலே, படத்த நிமித்துனா சுவரு நிமிருமா? இந்தக் குண்டையும் சேத்துப் புடி" என்று சொல்லி, பையிலிருந்த தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். 12 அடிச் சுவரின் அடியில் நூலுக்கும் சுவருக்கும் இடையே 4 அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில் அங்குல நாடாவை வைத்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்த வாரமே வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு சுவரைப் பிரித்துக் கட்டினார்கள்.

4 அங்குலம் என்பது கோணத்தில் 1.6 பாகைதான். கண்ணுக்குச் சிறிது; குடியிருப்பவருக்குப் பெரிது. ஒரு பொத்தான் அதை இல்லையென்று ஆக்கியது. ஒரு முழ நூலும் ஒரு பித்தளைக் குண்டும் உண்டென்று காட்டின.

படமும் சான்றும்

ஒளிப்படம் அழகுப் பொருள் மட்டுமன்று, அளவைக் கருவியுமாகும். இதை உணர்ந்தோர் ஒளிப்படக் கலையின் இளமைக் காலத்திலேயே இருந்தனர். 1858ஆம் ஆண்டில் செருமனியின் வெட்ஸ்லர் நகரப் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த மைடன்பவர் என்னும் இளைஞர், உயரத்திலிருந்து விழ இருந்து மயிரிழையில் தப்பினார். சுவரில் தொற்றி ஏறாமல், படத்திலிருந்தே கட்டடத்தை அளக்க முடியாதா என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது. அவர் முயற்சியால் 1885இல் கட்டடங்களைப் படம் வழியே அளந்து பதிவதற்கென்று பிரசிய அரசு ஒரு நிலையமே அமைத்தது.

அதே 1858ஆம் ஆண்டில் தமிழகத்தில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறித்த கல்வெட்டுகளைப் படம் பிடித்தார். ஓர் ஓரத்தில் நின்று நீண்ட சுவர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கியிருந்தால் தொலைவிலுள்ள எழுத்துகள் குறுகி மறைந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக ஆக்கினார். பின்னால் திருத்துவதைக் காட்டிலும், எடுக்கும்போதே நேரே நின்று எடுப்பது மேல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை

நம் மாணவர்க்குப் பயன்படும் வகையில் சில முறைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதாக, படம் எடுக்கும்போது இயன்ற வரை பின்வாங்குங்கள். எதிர் வீட்டு மாடியில் இடம் கேட்டு ஏறுங்கள். இடமே இல்லையென்றால், கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து, கீழே சாலை வீணாகப் பதிந்தாலும் பதியட்டும் என்று எடுங்கள். வேண்டாத பகுதியைப் பிறகு வெட்டிவிடலாம். திருத்தப் போகிறோம் என்று தெரிந்தால், நாற்புறமும் இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்திய படத்தின் ஓரங்கள் சரிந்து போவதால் வெட்ட நேரும்.

இரண்டாவதாக, திருத்தத்தில் வரிசை முக்கியம். அகல வில்லைகளில் நேர்கோடே வளைந்து தோன்றுவதுண்டு; அது வில்லையின் குற்றம், வேறு வகை. அதை முதலில் போக்க வேண்டும். பிறகே தோற்றக் கோட்டத்தைத் தொட வேண்டும். வளைந்த கோட்டை நேர்கோடு என்று நம்பிக் கணக்குப் போட்டால் விடை தவறும்.

மூன்றாவதாக, மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை. டார்க்டேபிளில் சுழற்சியையும் தோற்றக் கோட்டத்தையும் திருத்தும் பகுதி கோடுகளைத் தானே கண்டு காட்டும். பொருந்தாத கோடுகளை நாம் விலக்கலாம். கிம்ப்பில், திருத்தும் திசையைத் தேர்ந்து, கட்டத்தின் நான்கு மூலைகளைச் சுவரின் நான்கு மூலைகளோடு பொருத்தினால் போதும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் தானியங்கியை விட்டு, தாமே கோடு வரைந்து வழிகாட்டும் முறையைக் கையாளலாம். எந்தக் கோடு செங்குத்து என்ற முடிவு மனிதனிடம் இருக்கட்டும்.

நான்காவதாக, உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் சரியா என்று பாருங்கள். நான்கு மூலைகளைச் செவ்வகமாக்கியவுடன் அது மெய்யான செவ்வகம் ஆகிவிடாது. உயரம் நீண்டோ குறுகியோ இருக்கலாம். வட்டமான ஒன்று சுவரில் இருந்தால் அது நல்ல சோதனை. மணிக்கூண்டின் முகப்பில் எண்கள் அமைந்த வட்டம் திருத்திய படத்திலும் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இருந்தால் விகிதத்தை மாற்றுங்கள். வட்டம் இல்லாவிடில், கதவின் உயரத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, அழகுக்காக எடுத்த படமாயின் முழுவதும் நிமிர்த்த வேண்டியதில்லை. முற்றிலும் இணையாக்கிய உயர்ந்த கோபுரம், மேலே அகன்று தலை கனத்தது போல் கண்ணுக்குத் தோன்றும். சிறிது குவிவை விட்டுவைப்பது நல்லது. ஆனால் சான்றாகப் பயன்படும் படத்தில் சுவைக்கு இடமில்லை, அளவுக்கே இடம்.

ஆறாவதாக, சான்றுப் படத்தில் தூக்கு நூலைச் சேர்த்து எடுங்கள். திருத்தம் செய்வதாயின் ஒரு நூல் போதாது. நூலும் சாய்ந்த சுவரும் இருந்தால், மென்பொருள் அவ்விரண்டையுமே குவியும் செங்குத்துகளாக எண்ணி இணையாக்கிவிடக் கூடும். சுவர்த் தளத்தையொட்டி இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு நூல்கள் தொங்கட்டும். அந்த இரண்டை மட்டுமே செங்குத்து என்று மென்பொருளிடம் காட்டுங்கள். நூல்கள் நிமிர்ந்த பின்னரும் சுவர் சாய்ந்தே இருந்தால், அது சுவரின் சாய்வு. ஆனால் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ சாயும் சுவரின் சாய்வு நேர் எதிரில் எடுத்த படத்தில் தெரியாது. அதற்குப் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இறுதியாக, மூலப் படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய படத்தை வேறு பெயரில் வைத்து, என்ன திருத்தினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

இதற்கெல்லாம் இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கலாம். மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பாருங்கள். 1555இல் போர்த்துகீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுக்கிய அரண்மனைக்குக் காவல் உண்டு, பலகை உண்டு, வரைபடங்கள் உண்டு. 2012 முதல் நடைபெற்று வரும் பினாலே கலைவிழாவுக்கு வருவோர் சில கிடங்குகளையும் படம் எடுத்துச் செல்கின்றனர். ஆனால் சந்துகளில் சாய்ந்து நிற்கும் வாடகை வீடுகளுக்கும், நம் மக்கள் துணி வெளுத்தும் மூட்டை சுமந்தும் கடை நடத்தியும் வாழ்ந்த இடங்களுக்கும் யார் படம் வைத்திருக்கிறார்கள்? அவற்றுள் பல இன்னும் சில மழைக்காலங்களைத் தாங்குமா என்பதே ஐயம். அவை வீழ்ந்த பின் எஞ்சப் போவது நம் கைப்பேசிப் படங்களே.

நம் மன்றத்து நண்பர்கள் விடுமுறையில் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு இப்பணியைத் தொடங்கலாம். காமிரா நம் அனைவரிடமும் இருக்கிறது. தூக்குக்குண்டு வேண்டுமானால், சந்து முனையில் வேலை செய்யும் கொத்தனாரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்.